சலங்கை கட்டிய தோழியர்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை பரதம் பயின்றோர், என்னோடு சேர்த்துப் பன்னிருவர். இன்று நால்வர் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில்; மூவர் வங்கியில்; இருவர் தாதியர்; இருவர் மணமாகி வெளியூரில். இன்னும் ஆடுபவள் நான் மட்டுமே.

“கலை சோறு போடுமா? பட்டம் வாங்கியதும் சலங்கையைக் கழற்றிவிடு” என்கிறார் அம்மா. அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் சோறு போட்ட வரலாறும் உண்டு. 1936இல் ருக்மிணி தேவி சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், கணவரோடு 1977இல் சிங்கப்பூரில் அப்சராஸ் ஆர்ட்ஸை நிறுவினார். 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவர் 2017இல் மறைந்த பின்பும் அங்கே சலங்கை ஒலிக்கிறது.

அம்மாவிடம் நான் கேட்பது அவ்வளவு உயரமில்லை. வார நாளில் அலுவலகம். சனிக்கிழமை காலையில் பத்துப் பிள்ளைகளுக்கு அடவு. அவ்வளவே.

பழைய தோழியரே, தங்கைகளை அனுப்பி வையுங்கள்!