முதல் கேமராவை எந்த முகத்தில் சோதிப்பது?

மாலை வகுப்பு எடுக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியிருக்கிறோம். கையில் இருந்தது 25,000 ரூபாய். பகுதி நேர வேலைக் காசு, உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது, ஒருவரின் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது எல்லாம் சேர்ந்த தொகை. "எதுக்குப்பா கேமரா, ஆவணப்படம் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. படம் எடுக்கப் பிடித்திருக்கிறது, வாங்கினோம், அவ்வளவுதான். கால்பந்து ஆட்டம், மொட்டை மாடிக் காக்கை, ஆயாவின் கை, ஏப்ரல் 14 ஊர்வலம் என்று எதை வேண்டுமானாலும் எடுப்போம். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு இருக்கலாம், நம் பிள்ளைகள் கேமராவைத் தூக்கினால் மட்டும் அது போராட்டமாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

இப்போது தம்பிகளும் தங்கைகளும் எதை வாங்கலாம் என்று எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பதைச் சொல்கிறோம்.

புதுசு வாங்கும் ஆசையை முதல் நாளே விட்டுவிட்டோம். கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. காசு உள்ளவர்கள் பழையதை விற்றுவிட்டு அதன் பின்னால் போகிறார்கள், அந்தப் பழையது நமக்கு வருகிறது. 2014இல் வந்த நிக்கான் டி3300இல் 24 மெகாபிக்சல் இருக்கிறது. சுவர் அளவுக்குப் பிரிண்ட் போடாதவரை அதற்கு மேல் நமக்குத் தேவை இல்லை.

எங்கள் பட்டியலில் கடைசியாக நின்றவை இரண்டு: கேனான் 1300டி, நிக்கான் டி3300. இரண்டிலும் நல்ல படம் எடுப்பவர்கள் ஏராளம். நாங்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்ல, முதலில் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கேமராவுக்கு முகம் தெரியாது. வரும் வெளிச்சத்தை அளந்து, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கருத்த பிள்ளையை நிறுத்தினால், சுவரின் வெளிச்சத்தைக் குறைப்பதாக நினைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். அதே முகம் படம் முழுக்க நிறைந்திருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துத் தேவைக்கு மேல் வெளுக்க வைத்துவிடும். ஃபிலிம் காலத்தில் இது இன்னும் மோசம். கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைக்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவருக்குச் சரியாக வந்தால் உலகத்துக்கே சரி என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு ஃபிலிமில் கரும்பழுப்பு நிறங்கள் மேம்பட்டதற்கு, தங்கள் பொருள்கள் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் சொன்ன புகார் ஒரு காரணம் என்று அங்கே வேலை பார்த்தவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

எங்கள் பக்கத்து ஸ்டுடியோவின் கல்யாண ஆல்பங்களில் அக்காமார் எல்லோரும் ஒரே ரோஸ் பவுடர் நிறத்தில்தான் இருக்கிறார்கள். கேட்டால், "கலர் ஏத்திக் கொடுத்திருக்கேன்" என்று பெருமையாகச் சொல்வார் அந்த அண்ணன். செல்போன் கேமராவும் பல நேரம் கேட்காமலேயே இந்த உதவியைச் செய்துவிடுகிறது.

அதனால் கடைக்குப் போகும்போது எங்களில் மிகக் கருப்பான தோழரைக் கூட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் மேசையிலிருந்த பூச்சாடியை எடுத்துக் காட்டி, எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது பாருங்கள் என்றார். நாங்கள் தோழரை வாசலில், தெரு வெயில் முதுகில் படுமாறு நிறுத்தினோம். "என்ன தம்பி, பாஸ்போர்ட் போட்டோவா?" என்று சிரித்தார். முதல் படத்தில் இரண்டு கேமராவிலும் முகமே இல்லை, வெறும் நிழல். பிறகு நிக்கானில் ஸ்பாட் மீட்டரிங் வைத்தோம். ஃபோகஸ் புள்ளி எங்கே இருக்கிறதோ, அந்தச் சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அது அளக்கும். முகம் வந்தது. கொஞ்சம் வெளுப்பாக வந்ததால், ப்ளஸ் மைனஸ் பட்டனில் மைனஸ் பக்கம் இரண்டு படி தள்ளினோம். தோழரின் நிறம், கன்னத்தின் பளபளப்பு, அம்மைத் தழும்பு எல்லாம் அப்படியே விழுந்தன. 1300டியில் ஸ்பாட் கிடையாது, படத்தின் நடுவில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் பார்ஷியல்தான். முகம் தூரத்தில் சிறிதாக இருந்தால் பின்வெளிச்சமும் அளவில் சேர்ந்துவிடுகிறது. ப்ளஸ் மைனஸ் வைத்து அதிலும் சரிசெய்யலாம், ஆனால் எங்களுக்கு நிக்கான் கை கொடுத்தது. 18-55 கிட் லென்ஸோடு 15,500 ரூபாய்.

மிச்சப் பணத்தில் இன்னும் விலை கூடிய பாடிக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் லென்ஸ் வாங்கினோம். எல்லோரும் முதலில் சொல்வது 50 எம்எம். சிறிய சென்சார் உள்ள இந்த கேமராக்களில் அது படத்தை நெருக்கிக் காட்டும். பத்துக்குப் பத்து வீட்டில் சுவரில் முதுகு ஒட்டி நின்றாலும் நிற்கும் ஆயா முழுதாக வரமாட்டார். வீட்டுக்குள் எடுக்க 35 எம்எம் எஃப் 1.8தான் சரி. அதே 35இல் கிட் லென்ஸ் விடும் வெளிச்சத்தைப் போல ஆறு மடங்கு விடும். டியூப்லைட் வெளிச்சமே போதும். செகண்ட் ஹேண்டில் 7,000க்குக் கிடைத்தது. நிக்கானில் ஒரு சிக்கல் உண்டு: டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று வெறும் ஏஎஃப் லென்ஸை வாங்கினால் கையால்தான் திருக வேண்டும்.

பழைய கேமராவில் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி3300இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் ஒரு படம் எடுத்து, அந்த ஃபைலை ஷட்டர் எண்ணிக்கை காட்டும் இணையதளத்தில் போட்டால் கணக்கு தெரிந்துவிடும். கேனானில் பெரும்பாலும் இப்படித் தெரியாது. எஃப் 22 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் அழுக்கு கரும்புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும்.

ரா ஃபைலாகவே எடுங்கள், நிறத்தை நீங்களே முடிவு செய்யலாம். அதைத் திருத்த டார்க்டேபிள் இலவசமாகக் கிடைக்கிறது, காசு கொடுத்தோ திருட்டுத்தனமாகவோ எதையும் தேட வேண்டியதில்லை.

எங்களைப் போலக் கடல் பக்கம் இருப்பவர்கள் லென்ஸைக் கண்டிப்பாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எங்களுடையது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. இந்த வாரம் அது மூன்றாவது தெருத் தங்கையின் வீட்டில்.