பென் டிரைவில் வரும் வி.பி.என்... நம்பி இன்ஸ்டால் செய்யலாமா?

அலங்காநல்லூர் என்றதும் வாடிவாசல்தான் கண்முன் வரும். ஜல்லிக்கட்டு முடிந்து கூட்டம் கலைந்துவிட்டால், அது நெல்லும் கரும்பும் தென்னையும் சூழ்ந்த ஒரு சாதாரணப் பேரூராட்சி. படித்து முடித்த பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போய், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திரும்பி வருகிற ஊர்.

2020-ல் அந்தப் பிள்ளைகள் திருவிழா இல்லாமலேயே திரும்பினார்கள், ஆபீஸ் லேப்டாப்போடு. மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, மார்ச் 13 அன்று, மத்திய தொலைத்தொடர்புத் துறை பி.பி.ஓ. போன்ற நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தியிருந்தது. ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்க வேண்டுமானால் அதுவரை பாதுகாப்பு வைப்புத்தொகை, ஒப்பந்தம் என்று பல கட்டுப்பாடுகள் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 5-ம் தேதி வெளியான புதிய வழிகாட்டுதல், வீட்டு வேலையை நிரந்தரமாகவே எளிதாக்கியது.

சட்டம் வழிவிட்டது. லேப்டாப் வழிவிட்டதா?

மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் ஒரு மகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, இன்ஷூரன்ஸுக்கான குறியீடுகளாக மாற்றுகிற வேலை. ஊருக்கு வந்த மறுநாள், லேப்டாப்பில் வி.பி.என். திறக்க மறுக்கிறது. மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு அமர்கிறாள்.

"ஏத்தா, நெட்டுதான் ஓடுதே, அப்புறம் என்னத்தப் பாத்து முழிச்சுக்கிட்டு இருக்க?" என்கிறார் அம்மா.

"நெட்டு இருந்தா மட்டும் பத்தாதும்மா. ஆபீசுக்குள்ள போறதுக்குத் தனி வழி இருக்கு. அது தெறக்க மாட்டேங்குது."

அந்தத் தனி வழிதான் வி.பி.என். பொது இணையத்தின் மீதே, வெளியாள் படிக்க முடியாதபடி பூட்டிய ஒரு பாதையை லேப்டாப்புக்கும் அலுவலகத்துக்கும் நடுவே அது போட்டுத் தருகிறது. நோயாளிகளின் விவரம் போன்றவை அந்தப் பாதையில்தான் போய்வர வேண்டும். பாதை இல்லாவிட்டால் வேலை இல்லை. அன்றைய நாள் லீவாகிவிடும்.

சரி, மென்பொருளைத் திரும்ப இறக்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். நாம் க்ளிக் செய்து இறக்குகிற ஃபைல் பல நேரம் சில எம்.பி. மட்டுமே இருக்கும். 'அடடா, சீக்கிரம் வந்துவிட்டதே' என்று சந்தோஷப்பட வேண்டாம். கல்யாண வீட்டுக்குச் சமைக்க வந்தவர், கரண்டியை மட்டும் காட்டி 'பாத்திரமும் பண்டமும் பின்னால வண்டியில வருது' என்று சொல்வதுபோலத்தான் அது. டபுள் க்ளிக் செய்த பிறகே உண்மையான மென்பொருளை இணையத்திலிருந்து இழுக்கத் தொடங்கும். 'ஆன்லைன் இன்ஸ்டாலர்' என்பது இதுதான். வண்டி பாதி வழியில் நின்றால் பந்தி கிடையாது. 60 சதவிகிதத்தில் சிக்னல் போனால், பல நேரம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்பது எல்லாமே உள்ளே இருக்கும் முழு ஃபைல். அளவு பெரிது. ஆனால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். பிறகு இணையமே இல்லாமல் இன்ஸ்டால் ஆகும். ஒரே ஃபைலை நூறு லேப்டாப்பிலும் போடலாம்.

இந்த முழு ஃபைல் இல்லாமல் இல்லை. கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை, அவ்வளவுதான். வயர்கார்டு என்ற வி.பி.என்.னை விண்டோஸில் நிறுவப் போனால், முதலில் கிடைப்பது சின்ன ஃபைல்தான். முழு எம்.எஸ்.ஐ. ஃபைல்கள் அதே நிறுவனத்தின் டவுன்லோடு தளத்தில் தனியாக இருக்கின்றன. சிஸ்கோ தன் வி.பி.என். மென்பொருளை இரண்டு வகையாகவே தருகிறது. அலுவலக சர்வரோடு இணையும்போது தானாக இறங்குவது ஒன்று. முன்கூட்டியே லேப்டாப்பில் போட்டுவைக்க 'ப்ரீடிப்ளாய்' என்ற முழுத் தொகுப்பு இன்னொன்று. இவை பெரும்பாலும் நிறுவனத்தின் ஐ.டி. பிரிவினருக்கானவை. எம்.எஸ்.ஐ. ஃபைலாக இருந்தால், ஒவ்வொரு லேப்டாப்பிலும் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தாமல், எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் நிறுவ அவர்களால் முடியும்.

வேடிக்கை என்னவென்றால், சில அலுவலகங்களில் அந்த முழு ஃபைல் உள் நெட்வொர்க்கில்தான் இருக்கும். அதை எடுக்க வி.பி.என். வேண்டும். வி.பி.என். போட அந்த ஃபைல் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை!

இப்போது அந்த மகளின் தம்பி உதவிக்கு வருகிறான். "அக்கா, என் பிரெண்டுகிட்ட அந்த சாஃப்ட்வேர் முழுசா இருக்காம். பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்துரவா?" பாசத்தில் சொல்கிற வார்த்தை. கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

வி.பி.என். மென்பொருளிடம் நாம் கொடுப்பது யூசர் நேமும் பாஸ்வேர்டும். அதாவது அலுவலக வாசலின் சாவி. அதனால் திருடர்கள் போலி வி.பி.என். இன்ஸ்டாலர்களைத் தயாரிப்பதில் ஆச்சர்யமில்லை. 2025 ஜூனில் சோனிக்வால் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் 'நெட்எக்ஸ்டெண்டர்' வி.பி.என். மென்பொருளைப் போலவே இருந்த ஒரு போலி, பயன்படுத்துபவரின் பெயர், பாஸ்வேர்டு போன்ற விவரங்களை வேறொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் போலியிலும் டிஜிட்டல் கையெழுத்து இருந்தது. சோனிக்வால் பெயரில் இல்லை, வேறொரு நிறுவனத்தின் பெயரில்!

ஆகவே, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு, யாருடைய கையெழுத்து என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸில் இது எளிது. ஃபைல் மீது ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் பெயர் தெரியும். மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டால், அல்லது அந்தப் பகுதியே இல்லாவிட்டால், ஃபைலைத் திறக்காதீர்கள். ஐ.டி. பிரிவைக் கேளுங்கள்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் பயமே இல்லையா? பெரும்பாலும் பாதுகாப்பு. முழுமையாக அல்ல. 'ஐபேனி' என்ற தென்கொரிய வி.பி.என். நிறுவனத்தின் தளத்திலேயே, 2023-ல் அசல் இன்ஸ்டாலரை எடுத்துவிட்டு உளவு மென்பொருள் கலந்த ஒன்றை வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் 'ஈசெட்' என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியே சொன்னது.

அதனால்தான் 'ஹாஷ்' என்ற இன்னொரு சோதனை. ஒரு ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்.ஹெச்.ஏ-256 முறையில் அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசை. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். ஐ.டி. பிரிவினர் தாங்கள் சோதித்த ஃபைலை ஒரு வழியிலும், அதன் ஹாஷை வேறொரு வழியிலும் அனுப்பினால், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

அலங்காநல்லூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமமில்லை. எவ்வளவு பேர் பெற்ற காளையாக இருந்தாலும், பதிவும் டோக்கனும் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் இல்லாமல் வாடிவாசலுக்குப் போக முடியாது. 'நம்ம ஊர் மாடுதானே' என்று யாரும் விட்டுவிடுவதில்லை. நண்பன் கொடுத்த பென் டிரைவுக்கும் அதே நியாயம்தான். நண்பன் நல்லவனாக இருக்கலாம். அவனுக்கு அந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பல அலுவலக லேப்டாப்களில் பென் டிரைவ் வேலை செய்யாதபடி முடக்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் பிறகு, 'வி.பி.என். பயன்படுத்தினால் தப்பாமே?' என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவதுண்டு. அந்த விதி, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்கும் நிறுவனங்களுக்கானது. அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வி.பி.என்.னுக்கு அது பொருந்தாது.

ஊழியர் ஊருக்குக் கிளம்பும் முன்பே முழு இன்ஸ்டாலரையும், எந்த சர்வரோடு இணைய வேண்டும் என்ற ஃபைலையும் லேப்டாப்பிலேயே போட்டுக் கொடுப்பது நிறுவனங்களுக்கு அரை மணி நேர வேலை. இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு தேவைப்பட்டால், போனில் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், சம்பளம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் ஒரு 23 வயதுப் பெண், கூகுளில் முதலில் வந்த ஏதோ ஓர் இணைப்பை அழுத்துவாள். அதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பஸ் டிக்கெட்டோடு இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள், ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் வி.பி.என்.னைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். ஐ.டி. பிரிவு அடுத்த மாடியில்தான் இருக்கும்.