ஊதாங்குழல்

என் மனைவி புகை பிடித்தவள் இல்லை. நானும் பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. அதனால் மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர், "நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி." என்று சொன்னபோது ரிப்போர்ட் மாறிப் போயிருக்கும் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"விறகு அடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்கம்மா?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்" என்றாள். பிறந்த வீட்டில் சமைத்ததை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

1974-இல் கல்யாணமாகி மாங்காட்டில் குடித்தனம் வைத்தோம். ஜன்னல் இல்லாத சமையலறை. சவுக்கு விறகு, வறட்டி, நடுவில் சில வருஷம் மரத்தூள் அடுப்பு. கேஸ் வந்தது 1989-இல். முன்னாலேயே பதிவு செய்திருக்கலாம். நான் முதலில் ஸ்கூட்டர் வாங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேனே என்று அவளே சொன்னதுதான். ஆனாலும் அவள் இருமும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்கூட்டர் ஞாபகம் வருகிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில், 45 கிராமங்களில், புகை பிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றில் இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்றவர்களிடம் இன்னும் கூடுதல்.

இன்ஹேலர் கொடுத்த டாக்டர், பிசியோதெரபிக்கும் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பேத்தி வயது இருக்கும். பொறுமையாக விளக்கினாள். இந்த நோயில் இழுத்த காற்று முழுவதும் வெளியே வராமல் உள்ளே தங்கிவிடுகிறது. நெஞ்சு உப்பிப்போய், அடியில் குடை மாதிரி வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசைக்கு இழுக்கும் பலம் குறைவு. கழுத்தும் தோளும் சேர்ந்து பாடுபட வேண்டியிருக்கிறது.

"கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது பாட்டி. ஆனா மூச்சு இழுக்கறதும் ஒரு தசைதான். கை கால் மாதிரி அதையும் பழக்கலாம்."

முதல் பாடம் ஊதுவது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும்.

"ஊதாங்குழல்ல ஊதற மாதிரியா?" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் ஊதாங்குழலைப் பார்த்ததே இல்லை. இவள் கையைக் குழலாக மடக்கி ஊதிக் காட்டினாள். "அதேதான் பாட்டி, இன்னும் மெதுவா." எந்த ஊதல் நெஞ்சைக் கெடுத்ததோ, அதையே மருந்தாகச் செய்யச் சொல்கிறார்களே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்தது இழுப்பது. கொரோனா சமயத்தில் வாங்கிய மூன்று பந்துக் கருவி போதாதா என்று கேட்டேன். அது பெரும்பாலும் ஆபரேஷன் ஆனவர்கள் நுரையீரலை விரிப்பதற்கு என்றாள். இது வேறு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு. குறிப்பிட்ட பலத்தோடு இழுத்தால்தான் திறக்கும். முழுப் பலம் எவ்வளவு என்று முதலில் அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஆரம்பித்தார்கள். காலை முப்பது மூச்சு, மாலை முப்பது மூச்சு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். நுரையீரல் ஓட்டை விழுந்து காற்று கசிந்தவர்களுக்கு இது ஆகாதாம். ஆகவே நீங்களாகக் கடையில் வாங்கி ஆரம்பித்துவிடாதீர்கள்.

"அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டு போறோம் இல்ல, அந்த மாதிரி இதையும் ஆறு வாரம் பண்ணிப் பாக்கறேன்" என்றாள்.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் படித்தேன். ஐரோப்பாவில் 219 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, 2018-இல் வெளிவந்தது. வழக்கமான உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்தபோது மூச்சுத் தசை பலப்பட்டது. ஆனால் ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரம் அதனால் கூடுதலாகவில்லை. தயங்கித் தயங்கித்தான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நடக்கவும் நடக்கணும், அவ்வளவுதானே?" என்று செருப்பை மாட்டினாள்.

முதல் நாள் தெருக்கோடி போவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். ஆறாவது வாரம் ஒரே ஒரு இடத்தில் நின்று கோயில் வரை வந்துவிட்டாள். அதிசயம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் எண் மாறவில்லை. இன்ஹேலரும் நிற்கவில்லை. மாறியது பயம்தான். முன்பெல்லாம் மூச்சு முட்டினால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவாள். இப்போது ஒரு தூணைப் பிடித்து நின்று, உதட்டைக் குவித்து, நிதானமாக ஊதுகிறாள். மூச்சு அடங்கியதும் நடக்கிறாள்.

அன்று கோயில் வாசலில் அப்படி நின்றபோது, "கேஸை முதல்ல வாங்கியிருக்கணும்" என்றேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஊதி முடிக்கும்வரை அவள் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: "பேசினா எனக்கு மூச்சு வாங்கும். பேசாம எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க."