புனர்வாழ்வும் நாட்கூலியும்

புனர்வாழ்வு என்பது நல்ல சொல். அழிந்த வாழ்வு மீண்டும் தழைப்பதை அது குறிக்கும். ஆனால் வன்னியில் அச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. 2009 இல் போர் முடிந்ததும் சரணடைந்தோரும் பிடிபட்டோருமாக ஏறத்தாழ 12,000 பேர் தடுத்துவைக்கப்பட்ட இடங்களுக்கும் புனர்வாழ்வு நிலையங்கள் என்றே பெயர். ஆகவே, பல்லாண்டு மனநோயால் வருந்திய இளைஞர் ஒருவரைப் புனர்வாழ்வு நிலையத்தில் சேர்க்கலாமென்று கிளினிக்கிலிருந்து வந்த உத்தியோகத்தர் கூறியபோது, அவருடைய தாய் திடுக்கிட்டு, “மூத்தவனைப் போல இவனையும் பிடிச்சுக்கொண்டு போகப் போறியளோ, தம்பி?” என்று கேட்டதில் வியப்பில்லை. அவ்வீட்டுப் பெண்பிள்ளை நம் வகுப்பு மாணவி. அதனால் நாமும் அவ்வேளை முற்றத்தில் இருந்தோம்.

உத்தியோகத்தர் கருதியது முற்றிலும் வேறு. உளப்பிளவு நோய் போன்ற கடும் மனநோய்களுக்கு ஆளானோரிற் பலர், நோய் தணிந்த பின்னும், சமைக்கவும் சந்தைக்குப் போகவும் நாலு பேரோடு பழகவும் மறந்தவர்களாய் மூலையில் முடங்கிவிடுகின்றனர். காதில் ஒலிக்கும் குரல்களை மருந்து பெரும்பாலும் அடக்கும். சோர்ந்த ஊக்கத்தை அது அத்துணை எளிதில் எழுப்புவதில்லை. அத்தகையோரைப் படிப்படியாகத் தொழிலுக்கும் உறவுக்கும் மீட்டெடுக்கும் முயற்சியே உளசமூகப் புனர்வாழ்வு.

போருக்குப் பிந்திய வன்னியில் “உளசமூகம்” என்ற சொல்லுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தொண்டு நிறுவனங்களின் வாகனக் கதவுகளிலும் பயிற்சிப் பட்டறைகளின் பதாகைகளிலும் அதைக் கண்டோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட வன்னி ஆய்வு, போரின் காயம் தனிமனிதர் உள்ளத்தோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் குலைத்தமையை விளக்கிற்று. வேண்டியதோர் ஆய்வு அது. ஆயினும், போருக்கு முன்னரே நோயுற்றிருந்தவர்கள் அந்தப் பட்டறை ஆரவாரத்தில் மறக்கப்பட்டனர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உளப்பிளவு நோய் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவரைப் பற்றுகிறதென உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. குண்டு விழாத நாட்டிலும் அது உண்டு. வன்னியில் போர் அதனைக் கிளறியிருக்கலாம். அதைவிட, நோயுற்றவரிடமிருந்து மருந்தையும் கூரையையும் பராமரித்த கைகளையும் அது பறித்தது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வவுனியாவின் முகாம்களில் அடைபட்டனர். ஓடி ஓடி இடம்பெயர்ந்த வழியில், மகனின் மருந்துச் சிட்டையை எந்தத் தாய் காப்பாற்றி வைத்திருப்பாள்?

இலங்கையில் மனநோயாளரைப் பற்றிய சட்டம் 1873 இல் அந்நிய ஆட்சியாளர் இயற்றியது. அடைத்துவைத்தலே வைத்தியம் என்று கருதிய காலம் அது. அங்கொடையின் பெரிய ஆஸ்பத்திரி 1920களில் எழுந்தது. 2005 இல் அரசு ஏற்ற மனநலக் கொள்கைதான், மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவும் புனர்வாழ்வு நிலையமும், வீடு தேடிச் செல்லும் பணியாளரும் வேண்டுமென்றது. அவ்வழியில் வந்த உத்தியோகத்தரே அன்று முற்றத்தில் தாயின் கேள்விக்கு விடையிறுத்தவர். “கதவு பூட்டிறதில்லை, அம்மா. நீங்களே வந்து பாருங்கோ,” என்றார். தாய் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்தார். கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகே சம்மதித்தார்.

சில மாதங்களில் இளைஞர் திரும்பி வந்தார். தாமே குளித்து, உடுப்புத் தோய்த்து, பாத்தி கட்டி, கணக்காகச் சாமான் வாங்கி வருமளவுக்குத் தேறியிருந்தார். மாதம் ஒருமுறை ஊசி. இத்துணை பேர் இத்துணை பாடுபட்டு ஆக்கிய மனிதரை ஊர் எவ்வாறு வரவேற்றது? “விசர்” என்ற பழைய சொல்லால்தான். அச்சொல் நம் ஆசிரியர் அறையிலேயே சிரிப்பும் பகிடியுமாய்ப் புழங்குவது; ஊரை மட்டும் நொந்து பயனில்லை.

காலபோகத்தில் வரம்பு கட்டவும் களை பிடுங்கவும் அவர் கூலிக்குப் போனார். மற்றவர்களுக்கு முழுக் கூலி, அவருக்குப் பாதி. “விசர்ப் பொடியன்தானே, சாப்பாடும் குடுக்கிறன்,” என்றார் காணிக்காரர். அதில் வஞ்சகம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. தருமம் செய்வதாகவே அவர் நம்பினார். மருந்து சிலருக்குக் கைகால்களைச் சற்றே இறுக்குவதும் நடையை மெதுவாக்குவதும் உண்மையே. ஆனால் அவர் கட்டிய வரம்பின் நீளம் மற்றவர்களுடையதற்குக் குறைந்ததன்று. தாய் அதனை அடிவைத்து அளந்து பார்த்திருக்கிறார்.

இத்தாலியின் திரியெஸ்தே நகர மனநோய் மருத்துவமனையைப் பற்றி ஆசிரிய நண்பர்கள் படித்திருக்கலாம். அங்கே நோயாளிகள் கூட்டிப் பெருக்கும் வேலையும் சமையல் வேலையும் கூலியின்றிச் செய்துவந்தனர். அதற்கு வேலைச் சிகிச்சை என்று பெயர். 1971 இல் பொறுப்பேற்ற மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் காலத்தில், அவர்களே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலையை ஒப்பந்தமாக எடுத்து, ஊதியம் பெறலாயினர். மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடும் சட்டம் இத்தாலியில் 1978 இல் வந்தது. கூலி முன்னரே வந்துவிட்டது. அந்த வரிசை நம் கவனத்துக்குரியது.

2024 இல் மாங்குளத்தில், நெதர்லாந்தின் உதவியுடன் கட்டிய புனர்வாழ்வு மருத்துவ வளாகம் திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் எந்த வளாகத்திலிருந்தும் மனிதர் ஊருக்குத்தானே திரும்ப வேண்டும்? ஊரில் பாதி விலை என்றால், அங்கே பெற்ற பயிற்சியின் மறுபாதி எங்கே போயிற்று?

சென்ற மாதம் அத்தாய் இவ்வழக்கைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். கடிதத்தை எழுதியவள் நம் மாணவி. “என் அண்ணன் ஒரு நோயாளி” என்று தொடங்கி, அதை வெட்டிவிட்டு, “என் அண்ணன் பதினொரு நாள் வேலை செய்தார்” என்று எழுதியிருந்தாள். கூட்டத்தில் முடிவு எட்டப்படவில்லை. சிலர் சிரித்தனர், இருவர் தாயின் பக்கம் பேசினர். அறுவடைக்கு முன் மீண்டும் கூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாய் நம்மையும் வரச் சொல்லியிருக்கிறார்.