வெள்ளைக் கஞ்சியின் விலை

ஹாங்காங்கில் பழைய கடை ஒன்று மூடப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலையிலேயே வாசலில் வரிசை நின்றுவிடும். பத்து வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவர்கள்கூடச் செல்பேசியும் கையுமாக வந்து நிற்பார்கள். அப்படியொரு கஞ்சிக் கடையின் கடைசி வாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டிய அலுவலக நண்பர், "மூடின கடைக்காக அழுவது இருக்கட்டும். திறந்திருக்கிற கடை ஒன்றைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்றார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் கஞ்சி குடித்து வளர்ந்த கடை. ஒரே நிபந்தனை: கஞ்சி எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டுமானால் ராத்திரி இரண்டு மணிக்கு வரவேண்டும்.

கடை ஷாம் ஷுய் போவில், பெய் ஹோ தெருச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கவுலூனின் ஏழைப் பேட்டைகளில் ஒன்று அது. பகலில் அப்லியு தெருவில் பழைய ரேடியோவும் கேபிளும் பரப்பி விற்பார்கள். கீ லுங் தெருவில் துணி வியாபாரம். நான் இரவுப் பேருந்தில் போய் இறங்கியபோது தெருவே இழுத்து மூடியிருந்தது. ஒரு ஷட்டர் மட்டும் பாதி தூக்கியிருக்க, குனிந்து நுழைந்தோம். உள்ளே ஆறு மேஜை, முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலிகள். அடுப்பு பின்கட்டில் இல்லை, வாசலிலேயே இருந்தது. வாங்குகிறவர் கண்ணெதிரே கொதிக்க வேண்டும் என்பது இந்தக் கடைகளின் வழக்கம்.

சமையல்காரர் அறுபத்தைந்தைத் தாண்டியவர். தொழில் தெரிந்தவரை அங்கே சிஃபு என்று கூப்பிடுவார்கள். நண்பர் அப்படிக் கூப்பிட, நானும் அதையே பிடித்துக்கொண்டேன். என் காண்டனீஸ் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான்; மற்றதை நண்பர் எடுத்துச் சொன்னார்.

இடுப்புயர அலுமினிய அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதில் பன்றி எலும்பும், தீயில் வாட்டிய தட்டை மீன் கருவாடும் காய்ந்த சிப்பிச் சதையும் சேர்த்துக் கட்டிய துணிமுடிச்சும் கிடந்தன. மாலையிலேயே களைந்து உப்பும் எண்ணெயும் பிசறி வைத்திருந்த தாய்லாந்து அரிசியில் சிஃபு ஒரு பெய் தான் முட்டையை விரலால் நசுக்கிப் பிசைந்தார். சுண்ணாம்பும் சாம்பலும் அப்பி வாரக்கணக்கில் வைத்திருந்து கறுத்துப்போன வாத்து முட்டை அது. அதன் காரத்தன்மை அரிசியை இளக்கிவிடும்.

கொதி வந்த பிறகுதான் அரிசி உள்ளே போனது. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் அரிசி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொதியில் விழுந்தால் தண்ணீரே அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்; பருக்கை வெடித்து மலரும். அரிசி ஒரு பங்கென்றால் தண்ணீர் பத்துப் பங்குக்கு மேல். சோயாப் பாலின் ஏட்டைத் தகடாகக் காயவைத்து விற்பார்கள். அதை ஒடித்து உள்ளே போட்டார், கரைந்து காணாமல் போனது. ஐந்து மணி வாக்கில் அண்டாவில் அரிசி இருந்ததற்கு அடையாளமே இல்லை. கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் தோசை மாவுப் பதத்தில் வழிந்தது.

"பருக்கை தெரிந்தால் அது தண்ணீர் ஊற்றிய சோறு" என்றார் சிஃபு. ஹாங்காங்கை ஒட்டிய குவாங்டோங் மாகாணத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் தியோச்சூக்காரர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கஞ்சியில் பருக்கை முழுசாக, தெளிந்த நீரில் கிடக்க வேண்டும்.

என் கண் போனது சிஃபுவின் கரண்டி மேல். நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டி. வட்டமாக இருக்கவேண்டிய விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து நேர்கோடாகியிருந்தது. கஞ்சிக்கு எமன் அடிப்பிடிப்பதுதான். ஒரு மூலையில் பிடித்தாலும் அண்டா முழுவதும் தீய்ந்த வாடை ஏறிவிடும், அத்தனையையும் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். அதனால் கரண்டி அடியைத் தடவிக்கொண்டே இருக்கிறது. சிஃபு இடக்கைக்காரர், கரண்டியும் அந்தக் கைக்கே தேய்ந்திருக்கிறது. உதவிக்கு இருக்கும் அம்மாள் அதைத் தொடுவதில்லை. அவர் பிடித்தால் அது அடியில் படியாது.

சிஃபுவின் ஊர் சீனாவின் ஷுன்டே. 1979-ல் எல்லை தாண்டி வந்தார். பிடிபடாமல் நகருக்குள் வந்து சேர்ந்துவிட்டால் தங்கிக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. 1980 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு வருஷம் யோசித்திருந்தால் இன்றைக்கு ஊரில் குளத்து மீன் வளர்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். தாய் பாய் தோங் என்கிற வகைத் தெருவோரக் கடை ஒன்றில் கிண்ணம் கழுவ ஆள் தேவைப்பட்டது. சாப்பாடு உண்டு, கடைப் பலகை மேல் படுக்கை. கரண்டி கைக்கு வர நாலு வருஷம் பிடித்தது. அந்த முதலாளி வாங்கிக் கொடுத்த கரண்டிதான் இது.

முதலாளி இறந்ததும் கடையும் போயிற்று. அப்போது தெருக்கடை உரிமம் பெரும்பாலும் கணவன் அல்லது மனைவி பெயருக்குத்தான் மாறும். முதலாளி கல்யாணம் செய்துகொள்ளாதவர். புது உரிமம் கொடுப்பது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. 1983 முதல், உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு அரசே பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவந்தது. சுகாதாரம், போக்குவரத்து என்று காரணம் சொன்னார்கள். சில கடைகளைச் சந்தைக் கட்டிடங்களின் மாடிக்கு ஏற்றினார்கள். சிஃபு வேறு கடைகளில் கூலிக்கு நின்று, கடைசியில் இந்தச் சந்தில் வாடகைக்கு இடம் பிடித்தார்.

ஆறு மணிக்கு ஷட்டர் முழுசாக ஏறியது. ஷிஃப்ட் முடித்த டாக்சி ஓட்டுநர்கள், சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், குதிரைப் பந்தயப் பக்கத்தை மடித்துப் பிடித்த கிழவர்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்டாவிலிருந்து இரண்டு கரண்டி கஞ்சி ஒரு சின்னப் பாத்திரத்துக்குப் போகிறது. சீறுகிற அடுப்பில் அது குமிழியிட்டதும் மெல்லியதாக அரிந்த பன்றி ஈரல் விழுகிறது. ஈரல் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும்போதே பாத்திரம் அடுப்பைவிட்டு இறங்கிவிட்டது; மிச்ச வேகல் கிண்ணத்தில். மேலே இஞ்சி இழை, வெங்காயத்தாள். மொத்தம் ஒரு நிமிஷம். ஈரல் பல்லில் அழுந்தியதே தவிர, ரப்பராகவில்லை. கடித்துக்கொள்ள, எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டை அரிசி மாவுத் தகட்டில் சுருட்டி வெட்டித் தந்தார்கள்.

பக்கத்து ஓட்டுநர் வாங்கியது காப் தாய் கஞ்சி. ஈரல், குடல், இறைச்சி உருண்டை எல்லாம் கலந்தது. பெயருக்குத் தேர்வில் தேறுவது என்று பொருள். ஏழை மாணவன் ஒருவனுக்குக் கஞ்சிக் கடைக்காரர் மிச்சமான உள்ளுறுப்புகளைப் போட்டுக் காசு வாங்காமல் ஊற்றினாராம். அவன் பேரரசின் தேர்வில் முதலிடம் வந்து திரும்பி வந்தானாம். லுன் வென்சூ என்ற அந்த மாணவர் 1499-ல் முதலிடம் பெற்றது சரித்திரம். கஞ்சி ஊற்றியவர் பெயரைக் கதை சொல்கிறவர்கள்கூடப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சுவரில் விலைப் பலகை. ஈரல் கஞ்சி 38 ஹாங்காங் டாலர், வெள்ளைக் கஞ்சி 15 டாலர். மூன்று மணி நேர அடுப்புக்கும் ஒருவரின் ராத்திரித் தூக்கத்துக்கும் சேர்த்து 15 டாலர். ஒரு நிமிஷக் கொதிக்கும் நாலு துண்டு ஈரலுக்கும் மேற்கொண்டு 23 டாலர். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது ஈரல்தான். அதற்குத்தான் காசு கொடுக்க மனம் வரும். வெள்ளைக் கஞ்சியின் விலையைக் கூட்டினால் கிழவர்கள் முணுமுணுப்பார்கள் என்றார் சிஃபு. அவர்களில் பலர் காலையில் சாப்பிடுவதே அது ஒன்றைத்தான்.

அந்த 38 டாலரும் யாருக்குப் போகிறது? தினமும் முதல் எண்பது கிண்ணம் வாடகைக்கு என்று கணக்கு வைத்திருக்கிறார் சிஃபு. "எட்டு மணி வரைக்கும் நான் கட்டிடக்காரருக்கு வேலை பார்க்கிறேன்." ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு தடவையும் தரகர் வந்து, பக்கத்துக் கடையை இன்னார் இவ்வளவுக்கு எடுத்துவிட்டார் என்று காதில் போடுவார். வாடகை ஏறும், ஏற ஏறத் தரகரின் கமிஷனும் ஏறும். இந்தத் தரகர் ஒரு நாள்கூட அண்டாவின் அடியைச் சுரண்டியதில்லை. கரண்டி தேய்கிற இடம் ஒன்று, காசு சேர்கிற இடம் வேறு. பிறகு கடை மூடும்போது, பாரம்பரியம் போச்சே என்று ஊர் கூடிப் புகைப்படம் எடுக்கிறது. அந்த வரிசையில் கட்டிடக்காரரும் நின்றிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

என் கோபத்தை நண்பர் மொழிபெயர்க்க, சிஃபு தலையாட்டவில்லை. "கட்டிடக்காரர் நாளைக்கே வாடகை வேண்டாம் என்று சொன்னாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வர யார் இருக்கிறார்கள்? என் மகன் வரமாட்டான். வரவும் வேண்டாம்" என்றார். உதவிக்கு இருக்கும் அம்மாளுக்கும் ஐம்பதுக்கு மேல். ஹாங்காங்கில் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வந்ததே 2011-ல்தான், மணிக்கு 28 டாலர். 2025 மே மாதம் அது 42.1 ஆனது. ராத்திரி வேலைக்குக் கூடுதலாகக் கொடு என்று சட்டம் சொல்வதில்லை. அந்தக் கூலிக்கு ஒரு மணி நேரம் நின்றால் ஓர் ஈரல் கஞ்சி குடித்துவிட்டு நாலு டாலர் மிச்சம் பிடிக்கலாம். பையன்கள் ஏன் வருவார்கள்?

ஆனால் சிஃபு சொன்னதும் நான் சொன்னதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்தான் என்று எனக்குப் பட்டது. நான் விடவில்லை. "வாடகை இல்லையென்றால் அந்த எண்பது கிண்ணத்துக் காசை, இரண்டு மணிக்கு வருகிறவருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாமே?"

சிஃபு அடியைச் சுரண்டியபடியே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அவ்வளவு சம்பளம் என்றால் கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு, நானே அந்த வேலைக்குச் சேர்ந்துவிடுவேன்" என்றார்.