அவிநாசித் தெருவில் இரு வீடுகள்

திருப்பூர்க் குடும்பங்களுக்கு ஓர் ஆண்டு மூன்று முறை முடிகிறது. வங்கிக் கணக்கில் மார்ச் 31. பஞ்சாங்கத்தில் பங்குனிக் கடைசி. பனியன் கம்பெனிகளிலோ தீபாவளி. போனஸ் பட்டுவாடா ஆகி, தையல் இயந்திரங்களின் ஓசை அடங்கி, வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு பேருந்து நிலையத்தை நிறைக்கும் அந்த இரவில்தான் ஒரு வருடம் உண்மையாகவே கழிந்தது என்று அவ்வூரார் கொள்கின்றனர். எத்தனை ஷிப்டு உழைத்தோம், எந்தெந்தத் தலங்களுக்குச் சென்று வந்தோம், வீட்டில் என்னென்ன சுபகாரியங்கள் நடந்தன என்று திரும்பிப் பார்ப்பதும் அப்பொழுதுதான்.

அப்படித் திரும்பிப் பார்க்கையில் எந்தக் கணக்கிலும் அடங்காமல் நிற்பது 2020ஆம் ஆண்டு. அதுவும் மற்ற ஆண்டுகளைப் போலவே தொடங்கியது. ஜனவரி 15 அன்று பொங்கல். பிப்ரவரி 8 அன்று தைப்பூசம்; தாராபுரம் சாலை வழியே பழநிக்குப் பாதயாத்திரை சென்றவர்களின் அரோகரா முழக்கம் முந்தைய ஆண்டுகளைப் போலவே கேட்டது. பிப்ரவரி 20 விடியற்காலையில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது அவிநாசிக்கு அருகே ஒரு கண்டெய்னர் லாரி மோதி 19 பேர் மாண்டனர். மலைநாட்டுக்குச் செல்லும் பெருவழியில் அந்த ஊர் துயரத்தைக் காண்பது அது முதல் முறையன்று.

அவ்வழியே நடந்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். சேரமான் பெருமாள் நாயனாரின் விருந்தினராகக் கொடுங்கோளூரில் தங்கியிருந்து, திருவாரூருக்குத் திரும்பப் புறப்பட்டபோது, சேரர்கோன் தம் கருவூலத்துச் செல்வங்களை ஆட்களின் தலையில் ஏற்றி உடன் அனுப்பினார். திருமுருகன்பூண்டிக்கு அருகே வேடுவர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக் கொண்டனர். வேடுவராக வந்தவை பூதகணங்கள், ஏவியவன் எம்பெருமான். தன் தோழருக்குப் பொருள் கொடுப்பவன் தானாகவே இருக்க வேண்டும் என்பது அவன் திருவுள்ளம் என்கிறது பெரியபுராணம். சுந்தரரோ கோயிலுக்குள் சென்று, இப்படி வழிப்பறி நடக்கும் ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்டுவிட்டார். ஏழாம் திருமுறையில் அது 49ஆம் பதிகம். பறிபோன பொருள் முழுவதும் கோயில் வாயிலுக்கே வந்து சேர்ந்தது. பொருள் இருக்குமிடத்தைக் கூப்பிட்டுக் காட்டியவர் என்று போற்றப்படும் கூப்பிடு விநாயகரை இன்றும் அப்பகுதியினர் வணங்குகின்றனர்.

இன்று அந்தப் பூண்டியில் சிற்பிகளின் உளியோசை ஒருபுறம், பின்னலாடை நிறுவனங்கள் மறுபுறம். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது இரண்டுமே ஓய்ந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டதால் ஆர்டர்கள் ரத்தாயின, சில தள்ளிப்போயின. தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்கிய துணி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகாமல் கிடங்கிலேயே கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத வேடுவர்கள் வழிமறித்ததைப் போலத்தான் அது இருந்தது. கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதமும், பிறகு ஆகஸ்ட் 31 வரையிலும் அவகாசம் தந்தது. ஆனால் வாரச் சம்பளத்தில் வாழ்பவனுடைய அரிசிக்கடைப் பாக்கிக்கு அப்படி அவகாசம் தர எவரும் இல்லை.

சித்திரை வந்தது. தமிழகத்தின் பெரிய தேர்களுள் ஒன்றான அவிநாசித் தேர் நிலையை விட்டு அசையவில்லை. கருணாம்பிகை சந்நிதியில் பூஜை நடந்தது. தரிசிக்கப் பக்தர்கள் இல்லை. வடம் பிடித்தே பழகிய கைகளுக்கு அந்த நாள் எவ்வளவு நீண்டதாக இருந்திருக்கும் என்பதைப் பிடித்தவர்களே அறிவர்.

சுந்தரர் இரண்டாம் முறை மலைநாடு சென்றபோது நிகழ்ந்தது அனைவரும் அறிந்த வரலாறு. புக்கொளியூர் அவிநாசியில் அவர் சென்ற தெருவில் ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்து மங்கல ஓசை, எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஐந்து வயதில் சேர்ந்து குளிக்கப் போனவர்கள். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று பூணூல்.

இவ்வரலாற்றைக் கேட்போர் முதலையையே நினைவில் கொள்கின்றனர். அற்புதத்துக்கு முன்னால் நடந்ததே பெரிது. மங்கல ஓசை கேட்கும் தெருவில் அழுகை எங்கிருந்து வருகிறது என்று அவர் நின்று விசாரித்தார். வந்திருப்பவர் நம்பியாரூரர் என்று கேட்டதும், அழுதுகொண்டிருந்த தாயும் தந்தையும் கண்ணீரைத் துடைத்து, முகம் மலர்ந்து ஓடி வந்து வணங்கினர். மகனை இழந்தவர் நீங்களா என்று கேட்டபோதும், அது முன்பு நடந்தது, தேவரீர் எழுந்தருளியதே எங்களுக்கு மகிழ்ச்சி என்றனர். தம் பொருட்டுத் துயரை மறைத்தவர்களின் அந்த அன்புதான் சுந்தரரைக் கட்டிவிட்டது. இவர்கள் பிள்ளையை மீட்டுக் கொடுத்த பிறகே கோயிலுக்குச் செல்வேன் என்று உறுதி பூண்டு அவர் மடுவின் கரைக்கு நடந்தார்.

2020 கோடையில் திருப்பூர்த் தெருக்களிலும் இரு வீடுகள் இருந்தன. முன்பே முகூர்த்தம் குறித்திருந்த கல்யாணங்கள் 50 பேருக்கு மிகாமல், நாதஸ்வரம் இன்றிக்கூட நடந்தேறின. அதே தெருவின் லைன் வீடுகளில் பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் வேலையின்றி, மொழியும் சரியாகத் தெரியாமல் முடங்கிக் கிடந்தனர். மே மாதம் சிறப்பு ரயில்கள் புறப்படத் தொடங்கின. ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. அந்த வாசல்களில் நின்று, "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்டு அரிசியும் பருப்பும் கொடுத்தவர்கள் உண்டு. எதிர்வீட்டில் இருந்தவர் யார் என்பதையே பூட்டைப் பார்த்த பிறகு அறிந்தவர்களும் உண்டு.

பிறகு வேலை மெல்லத் திரும்பியது. பனியன் தைத்த பவர் டேபிள்களில் முகக்கவசமும் மருத்துவர்களுக்கான கவச உடையும் தைக்கப்பட்டன. செப்டம்பர் 1 அன்று கோயில்கள் திறந்தன. முகம் பாதி மறைத்த அடியார்கள் இடைவெளி விட்டு வரிசையில் நின்றனர். நவம்பர் 14 அன்று தீபாவளி. ஊருக்குப் போனவர்களில் பலர் அதற்குள் திரும்பியிருந்தனர், திரும்பாதவர்களும் இருந்தனர். அவ்வாண்டுக் கணக்கில் பயணம் இல்லை, தேர் இல்லை, பாதி வேலைதான் இருந்தது.

அவிநாசியில் சுந்தரர் பதிகம் பாட, முதலை உண்ட பாலன் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறி வந்தான். பெற்றோரிடம் அவனை ஒப்படைத்ததும் சுந்தரர் தம் வழியே போய்விடவில்லை. அவிநாசியப்பரை வணங்கி வந்து, அந்தப் பிள்ளைக்கும் பூணூல் அணிவித்து, எதிர்வீட்டில் ஒலித்த முரசு அந்த வீட்டிலும் ஒலிக்கக் கல்யாணத்தை முடித்து வைத்தார். அதன் பிறகே சேரமானைக் காண மலைநாட்டுக்குப் புறப்பட்டார்.