அம்மாவின் பெட்டியில்

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது நடுராத்திரி தாண்டிவிடும். உடம்பு அசந்திருக்கும், தூக்கம் மட்டும் வராது. மற்றவர்கள் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள். நான் புத்தகத்தை எடுப்பேன்.

அன்று கையில் இருந்தது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பழகி அவர் எழுதியது.

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் தூத்துக்குடிக்காரி. “உப்பளக் கதையா? சத்தமா வாசிங்கக்கா” என்றாள்.

நாலு பக்கம் போயிருக்கும். “போதும்க்கா” என்றாள்.

அவள் அம்மாவுக்கு இப்பவும் உப்பளத்தில்தான் வேலை.

“கால் வெடிப்புல உப்புத்தண்ணி பட்டா எரியும். ராத்திரி தேங்காண்ணெய தடவிட்டு உக்காந்திருப்பா. அந்தக் காலைப் பாக்க முடியாமதான் இங்க வந்தேன்.”

சொல்லிவிட்டு, எட்டு மணி நேரம் லைனில் நின்று வீங்கிய தன் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதுவரை அந்த நாவலை நான் இரக்கத்தோடு வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த இரக்கம் எனக்கே கூச்சமாகிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவளே புத்தகத்தைக் கேட்டாள். “அம்மைக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசிச்சுக் காட்டுதேன்.”

லீவு முடிந்து வந்தாள். புத்தகம் வரவில்லை.

“தர மாட்டேங்கா, அக்கா. பொட்டியில சேலைக்கு அடியில வச்சிருக்கா.”

நானும் அப்புறம் கேட்கல.